டிஎம்எஸ் டயசோமீத்தேன்: வெடிக்காது, சரி, மூச்சில் போனால்?

புது_சிரிஞ்ச்:
கொழுப்பமிலம் மட்டும் உள்ளவையும் ரெசின் (மரப்பிசின்) அமிலம் கலந்தவையுமாக 12 மாதிரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மெத்தில் எஸ்டராக்கி ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களை வாயுவாக்கிப் பிரித்து நிறையை அளக்கும் கருவியில்) ஓட்ட வேண்டும். மாதிரிக்குச் சுமார் 10 மி.கி. அமிலம். டயசோமீத்தேன் வெடிக்கும், வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். அதற்குப் பதில் டிரைமெத்தில்சிலைல் டயசோமீத்தேன், சுருக்கமாக டிஎம்எஸ் டயசோமீத்தேன், வந்திருக்கிறது. ஹெக்சேனில் 2 மோலார், 25 மி.லி. பாட்டில். தேடிய இடத்தில் எல்லாம் "பாதுகாப்பான மாற்று" என்றுதான் போட்டிருக்கிறது.

எவ்வளவு விட வேண்டும்? மஞ்சள் நிறம் நிற்பதை நம்பலாமா? ஜிசி வயலிலேயே (கருவியில் வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) நேராக விட்டு மூடி வைத்துவிடலாமா? இன்னொன்று, ஹூட்டில் (நச்சுக் காற்றை வெளியே இழுக்கும் கூண்டு) இடம் கிடைப்பது கஷ்டம். அளவு சின்னதுதானே, ஜன்னலோர மேசையில் செய்தால் ஆகாதா?

ஹூட்_காவலர்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது. ஹூட் காலியாகும்வரை பாட்டில் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும்.

"பாதுகாப்பான மாற்று" என்பது பாதி உண்மை. டயசோமீத்தேனுக்கு இரண்டு கெட்ட குணங்கள். கீறல் விழுந்த கண்ணாடி, தேய்த்த கண்ணாடி இணைப்பு, கொதிகல், பளிச்சென்ற வெயில் எது பட்டாலும் வெடிக்கும்; இது ஒன்று. மூச்சில் போனால் நுரையீரலை அரிக்கும், இது இரண்டாவது. டயசோ கார்பனின் (இரண்டு நைட்ரஜன் தொங்கும் கார்பன்) பக்கத்தில் சிலிக்கனை உட்கார வைத்தது முதல் குணத்தை அடக்கிவிட்டது. இரண்டாவது அப்படியேதான் இருக்கிறது.

2008 அக்டோபரில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு மருந்து ஆய்வகத்தில் இதே பொருளோடு வேலை செய்த வேதியியலாளர் இறந்தார். கூரையில் வேலை நடந்ததால் அன்று ஹூட்டின் விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலை முடித்து வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. மறுநாள் நுரையீரல் பாதிப்பில் உயிர் போனது. அதே ஆண்டு நியூ ஜெர்சியிலும் இதே பொருளால் ஒரு சாவு. இரண்டு இடத்திலும் எதுவும் வெடிக்கவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டயசோமீத்தேனுக்கு வேலையிடக் காற்றில் அனுமதி 0.2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 0.2 பங்கு. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறை 50 கன மீட்டர். அதில் 0.2 பிபிஎம் என்றால் 10 மி.லி. வாயு, அதாவது 0.4 மில்லிமோல். உங்கள் 2 மோலார் கரைசலில் அது 0.2 மி.லி. சிரிஞ்ச் முனையில் சொட்டுகிற அளவு! 2 மி.லி. ஆவியாகி அறை முழுக்கப் பரவினால் 2 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்த அளவே அதுதான். காற்று சமமாகப் பரவும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மேசைக்கு மேல் குனிந்து நிற்பவர் மூக்கருகில் இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஆல்கைன்_பித்தன்:
ஹூட்_காவலர் சார், கொஞ்சம் பயமுறுத்துகிறீர்களோ? அந்த வரம்பு டயசோமீத்தேனுக்கு. இது வாயு இல்லை, தனியாக எடுத்தால் 96 °செ.-ல் கொதிக்கும் திரவம். மெத்தனால் சேர்த்தால்தான் உள்ளே டயசோமீத்தேன் பிறக்கிறது. மெத்தனால் இல்லாமல் டொலுயினில் மட்டும் செய்தால் அந்தத் தொல்லையே வராதே.

கரைப்பான்_கடை:
பித்தன் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு.

2007-ல் பிரிஸ்டலில் லாயிட்-ஜோன்ஸ் குழுவினர் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) அடையாளமிட்டு இந்த வினையின் வழியைப் பிரித்துப் பார்த்தார்கள். அமிலம் முதலில் டயசோ கார்பனுக்கு ஒரு புரோட்டான் கொடுக்கிறது. மெத்தனால் வந்து சிலிக்கனைத் தாக்கிப் பிடுங்கிக்கொள்கிறது. மெத்தாக்சிடிரைமெத்தில்சிலேன் வெளியே போகிறது, மிஞ்சுவது டயசோமீத்தேன். அதுதான் அடுத்த அமில மூலக்கூறை மெத்தில் எஸ்டராக்குகிறது. குடுவைக்குள் வேலை செய்கிற ஆள் பழைய ஆள்தான், வேஷம்தான் வேறு.

மெத்தனால் இல்லாவிட்டால் என்ன ஆகும்? புரோட்டான் ஏறிய டயசோனியத்தைக் கார்பாக்சிலேட் நேராகத் தாக்கும். சிலிக்கன் ஒட்டிக்கொண்டே இருக்கும், கிடைப்பது டிரைமெத்தில்சிலைல்மெத்தில் எஸ்டர். கேட்டது மெத்தில் எஸ்டர், கையில் இருப்பது வேறு எஸ்டர். மெத்தனால் போதுமான அளவு இருந்தாலும் இது கொஞ்சம் வரும். குறைந்தால் இதுவே பெரும்பான்மை.

"மெத்தனால் இல்லையென்றால் விஷமில்லை" என்பதைத்தான் ஏற்க முடியாது. அறை வெப்பத்தில் இந்தத் திரவத்துக்கு நல்ல ஆவியழுத்தம் உண்டு. உள்ளே இழுத்த ஆவி நுரையீரலில் சந்திப்பது ஈரமான சவ்வை. குடுவையில் மெத்தனாலைத் தவிர்த்தவர் நெஞ்சுக்குள் இருக்கும் தண்ணீரை எப்படித் தவிர்ப்பார்?

ஆல்கைன்_பித்தன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். எஸ்டர் விஷயம் தெரியும். ஆவி விஷயத்தை யோசிக்கவில்லை.

நிறமாலை_அக்கா:
புது_சிரிஞ்ச், அளவு கேட்டீங்க இல்லையா, இதோ. 10 மி.கி. பால்மிட்டிக் அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்க. மூலக்கூறு எடை 256.4, ஆக 0.039 மில்லிமோல். இரண்டு ஈக்விவலன்ட், அதாவது அமிலத்தின் மோல் அளவுக்கு இரண்டு மடங்கு போட்டால் 0.078 மில்லிமோல். 2 மோலாரில் 39 மைக்ரோலிட்டர், 40 என்று எடுத்துக்கலாம். 100 மி.கி. அளவில் செய்யும்போது இரண்டு ஈக்விவலன்ட் வீண், 1.3 போதும், அதாவது 0.25 மி.லி.

கரைப்பான்: டொலுயின் 3 பங்கு, மெத்தனால் 2 பங்கு. 10 மி.கி.க்கு 0.3 மி.லி. டொலுயின், 0.2 மி.லி. மெத்தனால். பழைய குறிப்புகளில் பென்சீன் போட்டிருக்கும். அதைத் தொட வேண்டாம், டொலுயினிலேயே நன்றாக நடக்கும். மெத்தனால் 0.2 மி.லி. என்றால் கிட்டத்தட்ட 5 மில்லிமோல், அமிலத்தைவிட நூறு மடங்குக்கு மேல். கடை அண்ணா சொன்ன பக்க எஸ்டர் அதனால்தான் அடங்கி இருக்கும்.

இனி முக்கியமான கேள்வி: ஜிசி வயல். மூடாதீங்க! போட்ட ரீஏஜென்டின், அதாவது டிஎம்எஸ் டயசோமீத்தேனின், ஒவ்வொரு மூலக்கூறும் கடைசியில் ஒரு நைட்ரஜனை விடும். 25 °செ.-ல் 1 மில்லிமோலுக்கு 24.5 மி.லி. வாயு. உங்க 0.078 மில்லிமோல் முழுக்க வினைபுரிந்து, மிச்சத்தை அசிட்டிக் அமிலம் போட்டு அணைத்தால் (வினைபுரிந்து தீரச் செய்தால்) வருவது சுமார் 2 மி.லி. நைட்ரஜன். 2 மி.லி. வயலில் பாதி திரவம், மேலே 1 மி.லி. காலி இடம். அதற்குள் 2 மி.லி. வாயு என்றால் வழக்கமான அழுத்தத்துக்கு மேல் இன்னும் இரண்டு வளிமண்டலம். கை தவறி 40-க்குப் பதில் 200 மைக்ரோலிட்டர் விட்டீங்கன்னா கூடுதல் பத்து வளிமண்டலம். செப்டம் (ஊசி குத்தும் ரப்பர் அடைப்பு) பிய்ந்து முகத்தில் தெளிக்கும். 4 அல்லது 8 மி.லி. வயலில், மூடியைத் தளர வைத்து, ஹூட்டுக்குள் செய்து முடித்து, அணைத்த பிறகே ஆட்டோசாம்ப்ளர் வயலுக்கு மாற்றுங்க.

கொழுப்பமிலம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கொழுப்பமிலத்துக்கு இதெல்லாம் எதற்கு? மெத்தனாலிக் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். ஐஸில் வைத்த 50 மி.லி. உலர்ந்த மெத்தனாலில் 5 மி.லி. அசிட்டைல் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சுமார் 5 சதவீதக் கரைசல் ரெடி. 50 °செ.-ல் ராத்திரி முழுக்க விட்டால் எஸ்டர். விலை மலிவு, இந்த ஆபத்து எதுவும் கிடையாது. எண்ணெயை நேராகப் போட்டாலும் டிரைகிளிசரைடும் சேர்ந்து மாறிவிடும்.

நிறமாலை_அக்கா:
வெறும் கொழுப்பமிலம் என்றால் நீங்க சொல்வதே சரி, நானும் அதைத்தான் சொல்வேன். டிஎம்எஸ் டயசோமீத்தேன் டிரைகிளிசரைடைத் தொடவே தொடாது. தனி அமிலத்தை மட்டும்தான் பிடிக்கும். எண்ணெயின் முழுக் கொழுப்பமில விவரம் வேண்டும் என்பவர் இதை வாங்குவது வீண் செலவு.

ஆனால் இவரிடம் ரெசின் அமிலமும் இருக்கிறது. ரெசின் அமிலமான அபியெட்டிக் அமிலத்தின் கார்பாக்சில் மூன்று பக்கமும் அடைபட்ட கார்பனில் உட்கார்ந்திருப்பதால் அமில வினையூக்கியில் எஸ்டராவது மந்தம். அதோடு அதன் இரட்டைப் பிணைப்பு ஜோடி சூடான அமிலத்தில் இடம் மாறும். அபியெட்டிக் போட்டால் வேறு ஐசோமர்களும் சேர்ந்து வெளியே வரும், மாதிரியில் முதலிலேயே இருந்ததா நாம் உண்டாக்கினதா என்று தெரியாது. நெய்யில் இருக்கும் கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலத்துக்கும் இதே கதைதான்: அமிலத்தோடு சூடாக்கினால் சிஸ்-டிரான்ஸ் விகிதம் கலைந்துவிடும். அறை வெப்பத்தில், வலுவான அமிலமே இல்லாமல் அரை மணி நேரத்தில் முடிகிற இந்த முறை அங்கேதான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

கொழுப்பமிலம்:
ரெசின் அமிலம் என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. அப்படியானால் சரி. மாதிரிகளில் வெறும் கொழுப்பமிலம் மட்டும் உள்ளவை தனியாக இருந்தால் அவற்றையாவது என் பக்கம் தள்ளிவிடுங்கள். பாட்டிலைத் திறக்கும் தடவை குறையும்.

புது_சிரிஞ்ச்:
12-ல் ஐந்து அப்படித்தான். அவற்றைப் பிரித்துவிடுகிறேன். மீதி ஏழுக்கு, கரைசலை எடுப்பதில் தொடங்கிக் கடைசிவரை யாராவது வரிசையாகச் சொல்ல முடியுமா? மஞ்சள் நிறக் கேள்வியும் அப்படியே நிற்கிறது.

கரைப்பான்_கடை:
பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும், ஹூட்டுக்குள்ளேயே. இல்லாவிட்டால் செப்டத்தின் மேல் ஈரம் படியும், ஊசியோடு உள்ளே போகும்.

சிரிஞ்ச்: கண்ணாடி, வாயு கசியாத வகை, ஊசி திருகிப் பூட்டுவது. ரப்பர் முனையுள்ள பிளாஸ்டிக் சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம். ஹெக்சேன் பட்டதும் ரப்பர் ஊதிப் பிஸ்டன் இறுகும். அழுத்திப் பார்ப்பீர்கள், ஊசி கழன்று பறக்கும். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். எடுக்கிற அளவுக்குச் சமமாக நைட்ரஜனைப் பாட்டிலுக்குள் விட வேண்டும், ஆனால் அழுத்தம் ஏறவும் கூடாது; ஏறினால் ஊசி வழியே தானாகவே பீறிடும். அளவு எடுத்த பிறகு ஊசி முனையைத் திரவத்துக்கு மேலே, பாட்டிலுக்குள்ளேயே தூக்கி, கொஞ்சம் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குள் திரவத்துக்குப் பதில் வாயு நிற்கும். வெளியே எடுக்கும்போது சொட்டாது. இந்த ஒரு பழக்கம் மட்டும் கையில் வந்துவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

அமிலக் கரைசல் ஐஸில், கலக்கி ஓடிக்கொண்டிருக்க, சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழும் இடத்தில் மஞ்சள் தெரிந்து, குமிழி விட்டு, மறையும். முதல் சில சொட்டுகளில் பொங்கும்; அடங்கட்டும், பிறகு அடுத்தது. அமிலம் தீரத்தீர மறைய நேரமாகும். வெளிர் மஞ்சள் கலையாமல் நின்றதும் ஐஸை எடுத்துவிட்டு அறை வெப்பத்தில் 30 நிமிடம்.

நிறத்தை நம்பலாமா என்றால், மாதிரி நிறமில்லாமல் இருந்தால் நம்பலாம். ரெசின் மாதிரிகள் பெரும்பாலும் தாமே மஞ்சளாகத்தான் இருக்கும், அங்கே கண் ஏமாற்றும். கணக்குப் போட்ட அளவை விட்டு, நேரத்தை நம்புங்கள். குமிழி நின்றதா என்று பார்ப்பது நிறத்தைவிட நல்ல அடையாளம்.

பாட்டில் பழசானால் 2 மோலார் என்று லேபிளில் இருப்பது வெறும் நினைவுச்சின்னம். சரிபார்க்க எளிய வழி: 122 மி.கி. பென்சாயிக் அமிலம், அது சரியாக 1 மில்லிமோல். 3 மி.லி. டொலுயின், 2 மி.லி. மெத்தனாலில் கரைத்து, மஞ்சள் நிற்கும்வரை விடுங்கள். 0.50 மி.லி.யில் நின்றால் 2 மோலார். 0.60 ஆனால் 1.67தான் இருக்கிறது. கடைசியில் வினை மெதுவாகும், அவசரப்பட்டால் அளவு குறைவாகக் காட்டும். சொட்டுக்குச் சொட்டு காத்திருக்க வேண்டும்.

ஹூட்_காவலர்:
கடை அண்ணா சொன்னதற்குப் பிறகு வரும் கட்டத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வினை முடிந்தது என்று குடுவையை நேராக ரோட்டோவேப்பில் (பம்பு வைத்துக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) மாட்டுவது. மிச்சமிருக்கும் ரீஏஜென்ட் கரைப்பானோடு ஆவியாகி, பாதி சேகரிப்புக் குடுவைக்கும் பாதி பம்புக்கும் போகும். கரைந்திருந்த டயசோமீத்தேன் −23 °செ.-ல் கொதிப்பது, ஐஸ் கண்டென்சரில் அது நிற்குமா? பம்பின் வாய் எங்கே திறந்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பல ஆய்வகங்களில் மேசைக்கடியில், உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்குப் பக்கத்தில்.

எனவே முதலில் அணைக்க வேண்டும். டொலுயினில் 10 சதவீத அசிட்டிக் அமிலம், சொட்டுச் சொட்டாக, மஞ்சள் முழுக்க வெளுக்கும்வரை. நிறமுள்ள மாதிரியாக இருந்தால் போட்ட ரீஏஜென்டின் அளவுக்கு இரண்டு மடங்கு அசிட்டிக் அமிலம், பிறகு குமிழி நின்று 15 நிமிடம். சிரிஞ்ச், ஊசி, டிப் எல்லாவற்றையும் அதே கரைசலில் இழுத்துக் கழுவி, பிறகே ஹூட்டுக்கு வெளியே எடுக்க வேண்டும். கழிவுப் புட்டியின் மூடியைத் தளரவே வையுங்கள், ஒரு ராத்திரியாவது. காரக் கழிவோடு, முக்கியமாக மெத்தனாலில் பொட்டாசியம் கார்பனேட் மாதிரி எதுவும் இருக்கும் புட்டியோடு, அணைக்காத கரைசலைச் சேர்க்காதீர்கள். அங்கே சிலிக்கன் கழன்று, வினைபுரிய அமிலமும் இல்லாமல், டயசோமீத்தேன் சும்மா மேலே எழும்பி வரும்.

ஹூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. விளக்கு எரிகிறது என்பது ஹூட் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி இல்லை. கதவடியில் ஒரு மெல்லிய டிஷ்யூ துண்டை ஒட்டி வையுங்கள், உள்ளே இழுத்துக்கொண்டே பறக்க வேண்டும். முகப்பில் காற்று வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். கதவு மார்புக்குக் கீழே. அன்று கட்டடத்தில் கூரை வேலையோ மின்சாரப் பராமரிப்போ உண்டா என்று காலையில் கேட்டுவிடுங்கள். நோவா ஸ்கோஷியாவில் கேட்க வேண்டியிருந்த கேள்வி அதுதான். மின்சாரம் போனால் குடுவையை அப்படியே விட்டு, கதவை முழுக்க இறக்கிவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

துணி மாஸ்க், என்-95 எதுவும் வாயுவைத் தடுக்காது. கரி வடிகட்டி முகமூடியும் இதற்குப் பரிந்துரை இல்லை, தனிக் காற்று தரும் கருவிதான் பரிந்துரை. அது ஆய்வகத்தில் யாரிடமும் இருக்காது. ஆகவே முகமூடியை நம்பி ஹூட்டைத் தாண்டும் யோசனையே வேண்டாம்.

புது_சிரிஞ்ச்:
மூச்சில் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்தால்? வாசனை ஏதாவது வருமா?

ஹூட்_காவலர்:
வாசனையை எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளவே கூடாது. பாட்டிலில் ஹெக்சேன் வாசனைதான் முன்னால் நிற்கும். இந்த விஷத்தின் சூது தாமதத்தில் இருக்கிறது. அப்போது லேசான இருமல், தொண்டைக் கரகரப்பு, சில சமயம் அதுவும் இல்லை. மணிக்கணக்கில் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும். "இப்போ சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குப் போய்ப் படுப்பதுதான் ஆளைக் கொல்வது. சந்தேகம் வந்தவுடன் மருத்துவமனை, பாதுகாப்புத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு. நுரையீரல் நீர்க்கோப்பு தாமதமாக வரக்கூடும், 24 மணி நேரமாவது கவனிப்பில் வைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருளின் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் தெரிந்துவிடாது. கூட ஒருவர் போக வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

அறையில் பாட்டில் உடைந்தால் துடைக்க நிற்காதீர்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துங்கள். ஹெக்சேன் வேறு இருக்கிறது, தீப்பொறி பட்டால் அது தனிக் கதை. அதே காரணத்துக்காக, பாட்டில் இருக்கும் ஃப்ரிட்ஜ் உள்ளே தீப்பொறி வராத வகையாக இருக்க வேண்டும்; வீட்டு ஃப்ரிட்ஜ் கூடாது.

ஆல்கைன்_பித்தன்:
எஸ்டரைத் தாண்டியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது எஸ்டர் இயந்திரம் என்றே நினைத்துவிடுவார்கள். நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில் ஷியோய்ரியும் அயோயாமாவும் 1981-ல் மெத்தனாலோடு எஸ்டராக்கும் முறையைக் காட்டினார்கள். பிறகு இதை வைத்து அவர்கள் செய்ததுதான் ஏராளம்.

எனக்குப் பிடித்தது ஆல்கைன், அதாவது கார்பன்-கார்பன் மும்மைப் பிணைப்பு, செய்வது. −78 °செ.-ல் டெட்ராஹைட்ரோஃப்யூரானில் எல்டிஏ (லித்தியம் டைஐசோப்ரோப்பைல்அமைடு என்ற வலுவான காரம்) போட்டால் டயசோ கார்பனின் ஹைட்ரஜன் போய் லித்தியம் ஏறும். அதோடு ஆல்டிஹைடோ அரைல் கீட்டோனோ சேர்த்து மெதுவாக அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் சிலிக்கன் ஆக்சிஜனோடு கழன்று போகும், நைட்ரஜன் போகும், மிஞ்சும் கார்பீனில் (இரண்டே பிணைப்புள்ள கார்பன்) ஒரு தொகுதி இடம்பெயர்ந்து ஆல்கைனாகும். ஒரு கார்பன் கூடுதல். ஆல்டிஹைடுக்கு மட்டும் என்றால் பெஸ்ட்மன்-ஓஹிரா ரீஏஜென்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் மெத்தனாலும் போதும், குளிர்க் குளியல் வேண்டாம். அந்த முறை சாதாரண கீட்டோனில் உதவாது, அங்கே இந்த லித்தியம் உப்புதான் கைகொடுக்கும். ஒரு பொறி: நீண்ட சங்கிலியுள்ள டயால்கைல் கீட்டோனைப் போட்டால் கார்பீன் தன் வாலையே கடித்து சைக்ளோபென்டீன் ஆகிவிடும். ஆல்கைன் எங்கே என்று தேடுவீர்கள்.

அமிலத்தை ஒரு கார்பன் நீளமாக்கும் அர்ண்ட்-ஐஸ்டர்ட் நீட்டலில் அமிலக் குளோரைடோடு இதைப் போட்டு டயசோகீட்டோன் செய்யலாம். சைக்ளோஹெக்சனோனைக் குளிரில் போரான் டிரைஃப்ளூரைடு ஈதரேட்டோடு சேர்த்து சைக்ளோஹெப்டனோன் ஆக்கலாம். ஆல்கஹாலை மெத்தில் ஈதராக்க 42 சதவீத ஃப்ளூரோபோரிக் அமிலம், 0 °செ., டைகுளோரோமீத்தேன். இவை எல்லாவற்றிலும் ஹூட்_காவலர் சொன்ன விதிகள் அப்படியே பொருந்தும். இங்கே அளவு மைக்ரோலிட்டர் இல்லை, பத்து இருபது மி.லி. என்பதால் இன்னும் கண்டிப்பாக.

நிறமாலை_அக்கா:
பகுப்பாய்வுப் பக்கமும் எஸ்டரோடு நிற்கவில்லை, பித்தன். 2011-ல் செல்லுக்குள் இருக்கும், ஃபாஸ்பேட்டுகள் ஒட்டிய பிஐபி3 என்ற லிப்பிடை மாஸ் ஸ்பெக்கில் (நிறை அளக்கும் கருவி) அளக்க முடிந்ததற்கு இதுதான் காரணம். ஃபாஸ்பேட்டுகளின் மின்சுமை இருக்கும்வரை அந்த மூலக்கூறு காலமில் (பிரிப்புக் குழாய்) ஒட்டிக்கொண்டு வெளியே வராது. மெத்தில் போட்டு மூடியதும் அடங்கி வந்தது. சோலெட்ரோனிக் அமிலம் மாதிரி பிஸ்ஃபாஸ்போனேட் மருந்துகளுக்கும் இதே உத்திதான்.

புது_சிரிஞ்ச், உங்களுக்கு உடனே உதவுகிற விஷயம் இது. மெத்தில் பால்மிட்டேட் என்றால், நிறை எண்களில், மூலக்கூறு அயனி 270, பெரிய பீக் 74, பக்கத்தில் 87, 143. அதற்குப் பின்னால் ஒரு சின்ன பீக் வந்து, அதில் 73 தூக்கலாக, 342-ம் 327-ம் தெரிந்தால் அதுதான் டிரைமெத்தில்சிலைல்மெத்தில் எஸ்டர். 270-ஐவிடச் சரியாக 72 கூடுதல். இதை மென்பொருள் நூலகம் சாதாரண டிஎம்எஸ் எஸ்டர் என்று காட்டும், ஏமாறாதீங்க. டிஎம்எஸ் பால்மிட்டேட்டுக்கு 328, 313 வர வேண்டும். 342-க்கும் 328-க்கும் நடுவில் ஒரு மெத்திலீன் வித்தியாசம். இந்த பீக் மெத்தில் எஸ்டரில் சில சதவீதத்தைத் தாண்டினால் மெத்தனால் குறைவாக விட்டிருக்கீங்க, அல்லது ரீஏஜென்டை ஒரே மூச்சில் கொட்டியிருக்கீங்க.

ஃபீனால் இருந்தால் அரைகுறையாக மெத்தில் ஏறும். ஒரே பொருளுக்கு இரண்டு பீக் வரும். முழுக்க ஏற வேண்டும் என்றால் அசிட்டோநைட்ரைல்-மெத்தனால் 9:1-ல் டைஐசோப்ரோப்பைல்எத்தில்அமீன் சேர்த்துச் செய்யும் முறை உண்டு. ஏறவே கூடாது என்றால் ரீஏஜென்டை 1.1 ஈக்விவலன்டில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் அணையுங்க. அக்ரிலேட், மாலியேட் போல எலக்ட்ரான் குறைந்த இரட்டைப் பிணைப்பு இருந்தால் டயசோ அதன்மேல் ஏறிப் பைராசோலின் ஆகும். அந்த மாதிரியை இந்த முறைக்கே கொண்டுவராதீங்க.

அணைத்த பிறகு நைட்ரஜன் ஊதி உலர்த்தும்போது முழுக்க வறட்ட வேண்டாம். பத்து கார்பனுக்குக் கீழே உள்ள மெத்தில் எஸ்டர்கள் கரைப்பானோடு கிளம்பிவிடும். 0.1 மி.லி. மிச்சம் வைத்து ஹெக்சேனில் 1 மி.லி. ஆக்குங்க.

புது_சிரிஞ்ச்:
மிக்க நன்றி. ஏழு மாதிரி, 8 மி.லி. வயல், 0.3-க்கு 0.2 டொலுயின்-மெத்தனால், 40 மைக்ரோலிட்டர், ஐஸ், 30 நிமிடம், அசிட்டிக் அமிலம், பிறகு மாற்றம். வியாழக்கிழமை ஹூட் பதிவு செய்துவிட்டேன். ஒன்று மட்டும்: ஏழையும் ஒரே நேரத்தில் தொடங்கலாமா?

கரைப்பான்_கடை:
இரண்டிரண்டாக. முதல் ஜோடியில் ஒன்று அமிலமே இல்லாத வெற்று மாதிரி, மற்றது சுத்தமான பால்மிட்டிக். வெற்று மாதிரியில் என்னென்ன பீக் வருகிறது என்று பார்க்காமல் ரெசின் மாதிரியைத் தொட்டால், சிலாக்சேன் (சிலிக்கன்-ஆக்சிஜன் சேர்மம்) பீக்குகளுக்கு எல்லாம் புதுப் பெயர் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நிறமாலை_அக்கா:
வெற்று மாதிரியையும் அசிட்டிக் அமிலம் போட்டு அணைக்கணும். அதில் வினைபுரிய அமிலமே இல்லை, போட்ட 40 மைக்ரோலிட்டரும் அப்படியே உயிரோடு உட்கார்ந்திருக்கும். மற்ற வயல்களைவிட அதில்தான் மிச்சம் அதிகம்.

ஹூட்_காவலர்:
வியாழக்கிழமை காலை டிஷ்யூ பறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.